மேசை மேல் ஒரு கிபிர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மண்டபத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை மாடியில் ஐந்து பேர் கூடுகிறோம். ராணுவ வண்டிகள், போர் விமானங்கள் ஆகியவற்றின் சிறிய மாடல்களை ஒட்டி, வண்ணம் பூசி வைப்பது எங்கள் பொழுதுபோக்கு. ஒருவர் பாம்பனில் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்ப்பவர், ஒருவர் ஓவிய ஆசிரியர், ஒருவர் பாலிடெக்னிக் மாணவர், இன்னொருவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தில் ஏவுகணை மாடல்களைப் பார்த்துவிட்டு வந்த நாளில் ஆரம்பித்தது இது. இன்று அலமாரியில் இருபத்து மூன்று மாடல்கள் நிற்கின்றன.

சென்ற மாதம், இஸ்ரேல் தயாரிப்பான கிபிர் என்ற போர் விமானத்தை 1/72 அளவில் முடித்தேன். நான் செய்ததிலேயே நல்ல மாடல் அதுதான். அலமாரிக்குத் தூசி படாமல் திரை வேண்டும் என்று, இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஓர் அக்காவிடம் துணி கொடுத்திருந்தோம். அவர் தைத்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். மேசையில் கிபிர் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கிபிர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விமானத்தின் பெயர் தெரிந்த ஒருவர் வந்துவிட்டாரே என்று மகிழ்ச்சியோடுதான் சொன்னேன். அவர் பையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். தையல் கூலியும் வாங்கவில்லை. 2006-இல் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர் அவர் என்று ஓவிய ஆசிரியர் பிறகுதான் சொன்னார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். அதில் ஒட்டியிருக்கும் இலங்கை விமானப் படையின் டீகாலை, அதாவது அடையாள ஒட்டுப்படத்தை, மாற்றி இஸ்ரேல் விமானமாக்கிவிடலாம் என்கிறார் மாணவர். போர்ச் சாமானே வேண்டாம், படகு செய்வோம் என்கிறார் விசைப்படகுக்காரர். வெறும் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு யோசனையா என்கிறார் ஃபைபர் வேலை செய்யும் அண்ணன். எனக்கு அதை உடைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்துக்கு இங்குள்ள பள்ளி ஒன்றில் பத்து மாடல்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார்கள். கிபிரை வைக்கலாமா? போர்க்கருவியைப் பொம்மையாக்கி ரசிக்கிற நாங்கள் தவறு செய்கிறோமா?

இன்னொரு சின்னக் கேள்வி. மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் மாடல் முழுக்க வெள்ளை பூத்துவிடுகிறது. ஏன்?

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

சின்னக் கேள்வி என்று கடைசியில் வைத்தீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் கடற்கரையில் மாடல் செய்கிற எல்லோரையும் அழவைத்த கேள்வி அது.

வார்னிஷில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் நம் ஊர்க் காற்றில் ஈரம் நிறைந்து நிற்கிறது. அந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிந்து, உலராத வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். மாடல் கெட்டுவிட்டது என்று நினைத்து உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். தேவிபட்டினத்தில் ஒரு கார்த்திகை மாதத்தில் என் ஹண்டர் விமான மாடல் இப்படி வெளுத்துப்போனபோது நான் அந்தத் தவறைச் செய்தேன். மூன்று மாத வேலை ஒரு மாலையில் போயிற்று. நன்றாக உலரவிட்டு, வெயில் காய்கிற ஒரு நாளில் மெல்ல உலரும் தின்னரை மட்டும் மிக மெல்லிய பூச்சாக அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை கரைந்துவிடும். மழைக்காலத்தில் வார்னிஷ் வேலையைக் காலையிலும் இரவிலும் வைத்துக்கொள்ளாமல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் முடித்துவிடுங்கள். வண்ணம் பீச்சும் கம்ப்ரசரின் குழாயில் ஈரம் பிடிக்கும் குப்பி இல்லையென்றால் முதல் வேலையாக அதை வாங்குங்கள். டீகால் தாள்களை மூடிய டப்பாவில், மருந்துக் குப்பிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாடியில் சன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அடியுங்கள். தின்னர் நெடி நுரையீரலுக்கு ஆகாது.

வாடை போய்க் கச்சான் வந்தால் இந்தத் தொல்லை நீங்கும். ஆனால் மணல் பறக்கும். ஈரப் பூச்சில் ஒரு மணல்துகள் ஒட்டினால், 1/72 அளவில் அது பாறாங்கல். பூசியதும் மாடலைக் கவிழ்த்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவது நான் கண்ட வழி.

உப்பு நமக்கு எதிரி என்று எண்ணாதீர்கள். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு என் மேசையில் எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கும். விமானத்தின் வண்ணம் உரிந்து அலுமினியம் தெரிகிற இடங்களைக் காட்ட அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. முதலில் அலுமினிய நிறம் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு தூரிகையால் தண்ணீர் தொட்டு, வண்ணம் உரிந்திருக்க வேண்டிய இடங்களை மட்டும் நனைத்து, பொடித்த உப்பைத் தூவ வேண்டும். தண்ணீர் உலர்ந்ததும் உப்பு அங்கேயே பற்றிக்கொள்ளும். அதன்மேல் பச்சையோ சாம்பலோ அடித்து, காய்ந்ததும் விரலால் தேய்த்தால் பரல்கள் உதிரும். அவை இருந்த இடத்தில் அலுமினியம் மின்னும். தூரிகையால் போட்ட புள்ளிக்கு இந்த ஒழுங்கின்மை வராது. ஆனால் உப்பை மாவு போலப் பொடித்துச் சலிக்க வேண்டும். 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்றால் உண்மையில் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு கடுகளவுப் பரல் உங்கள் விமானத்தில் உள்ளங்கையளவு வண்ணத்தைப் பெயர்த்துவிடும். எங்கே தூவுகிறோம் என்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். இறக்கை உடலோடு சேருகிற இடத்தில் மெக்கானிக் ஏறி நிற்பார், அவருடைய பூட்ஸ் படும். திறந்து மூடுகிற மூடிகளின் ஓரத்தில் திருப்புளி படும். யாருடைய கை, யாருடைய கால் பட்டது என்று யோசித்துத் தூவினால் விமானம் உயிர் பெறும்.

உங்கள் ஐவரையும் நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஃபைபர் படகு வேலை செய்கிறவருக்குப் பட்டி பார்ப்பதையும் ஈரம் தொட்டு உப்புத்தாள் தேய்ப்பதையும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விமான உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய கோடு மறைவதுதான் இந்தக் கலையின் முதல் படி. அவருக்கு அது தினசரித் தொழில். செல்போன் பலகையில் கண்ணுக்குத் தெரியாத சில்லைப் பெயர்த்து வைக்கிற உங்கள் இடுக்கிக்கு விமானியின் இருக்கைப் பட்டையைப் பொருத்துவது பெரிய காரியமா? ஓவிய ஆசிரியர் இருப்பதால் இன்னொரு பெரிய வாய்ப்பும் உண்டு. உண்மை விமானத்தின் வண்ணத்தை அப்படியே கலந்து சிறிய மாடலில் பூசினால் இருட்டாகத் தெரியும். தொலைவில் இருக்கும் பொருள் வெளிறித் தெரிவதற்குப் பழகிய கண் நம்முடையது. எவ்வளவு வெள்ளை கலந்தால் கண் ஏற்கும் என்று அவர் சொல்வார். விசைப்படகுக்காரர் வின்ச்சிலும் நங்கூரத்திலும் துரு எப்படித் தொடங்கி எந்தப் பக்கம் வழியும் என்று சொல்வார். டாங்கியின் சங்கிலிக்கு அது உதவும். விமானத்துக்கு மட்டும் துரு பூச அவரை விட்டுவிடாதீர்கள். விமானத்தின் மேல்தோல் அலுமினியம். அது வெளிறும், எண்ணெய் வழியும், புகை படியும், இரும்பைப் போலச் செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது.

இத்தனையையும் முதலில் சொன்னதற்குக் காரணம், நீங்கள் இந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்று நான் மனதார விரும்புவதுதான். இனி கிபிருக்கு வருகிறேன்.

நீங்கள் செய்த மாடலின் அளவு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஓர் அங்குலத்துக்கு ஆறடி, அதுதான் 1/72. இங்கிலாந்தில் 1930-களில் இந்த அளவு பழக்கத்துக்கு வந்தது. ஃபிராக் நிறுவனம் 1936-இல் பிளாஸ்டிக்கில் செய்து விற்ற 'பெங்குவின்' விமானங்களும் இதே அளவில்தான் இருந்தன. அதை உலகம் முழுக்க நிலைநிறுத்தியது போர். அமெரிக்கக் கடற்படை 1942-இல் தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்களைச் செய்து தரச் சொன்னது. அளவு 1/72. கறுப்பு வண்ணம் பூசிய அந்த மாடல்களைக் காட்டி விமானிகளுக்கும் பீரங்கி வீரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வானத்தில் ஒரு நிழல் தெரிந்தால், அது நம்முடையதா எதிரியுடையதா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மாடல்கள்.

அந்தப் பயிற்சியை யாரும் கொடுக்காமலே பெற்றவர் உங்கள் மாடிக்கு வந்த அக்கா. ஈழத்தில் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குள் வளர்ந்தவர்களுக்கு விமானங்களின் பெயர் மாடல் பாகங்கள் வரும் கிட் பெட்டியில் நாம் படித்ததைப் போல வரவில்லை. சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலிய விமானம் அவர்கள் வாயில் 'சியாமாச்செட்டி' ஆனது. ஊர்க்காரர் ஒருவரின் பெயரைப் போல அதைச் சொல்வார்கள். ஹெலி, பொம்மர், ஷெல், பங்கர் எல்லாம் குழந்தைகளின் சொற்கள். 1996-இல் இலங்கை விமானப் படைக்குக் கிபிர் வந்தது. எபிரேய மொழியில் அந்தப் பெயருக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். வன்னியிலிருந்து வந்தவர்கள் என்னிடம் சொன்னது வேறு. இரைச்சல் காதை எட்டும்போது அது தலைக்கு மேல் வந்துவிட்டிருக்கும் என்றார்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மேல் விழுந்த குண்டுகளில் பள்ளி மாணவிகள் பலர் இறந்துபோனார்கள். உங்கள் அக்கா எந்த மாதத்தில் வந்தார், எதைப் பார்த்துவிட்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஒன்று செய்யுங்கள். அந்தக் கிபிரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பிடியுங்கள்.

மேல்பக்கம் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பிரெஞ்சு மிராஜ் விமானத்தின் உடலில் பெரிய ஜே-79 என்ஜினைப் பொருத்தியதால் அதற்கு அதிகக் காற்று வேண்டியிருந்தது. அதற்காகச் செங்குத்து வாலின் அடியில் ஒரு சிறிய காற்று வாய் வைத்தார்கள். அதன் உள்புறத்தை இருட்டாக்கக் கறுப்பு வைத்திருப்பீர்கள். காற்று நுழைவாய்களின் மேலே இருக்கும் முன்சிறகுகள் இரண்டும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பத்து முறை பார்த்திருப்பீர்கள். விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடியைப் பிசின் கறை படாமல் ஒட்டியிருப்பீர்கள். அடிப்பக்கம்? மாடல் செய்கிறவர்கள் எல்லோருமே அடிப்பக்கத்தில் அவசரப்படுகிறோம். அலமாரியில் நிற்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரே சாம்பல், நீர்த்த வண்ணத்தில் ஒரு மேல்கழுவல், முடிந்தது.

அந்த அக்கா வாழ்நாளில் பார்த்தது அந்தப் பக்கத்தை மட்டும்தான். அன்று உங்கள் மேசையில்தான் முதல்முறையாக அதன் முதுகைப் பார்த்திருப்பார். ஆனாலும் பெயரைச் சரியாகச் சொன்னார். இருபத்திரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருங்கி, சக்கரத்தை ஊன்றி அசையாமல் நின்றதையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. "வெறும் பிளாஸ்டிக்" என்று சொன்ன அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். பொருள் பிளாஸ்டிக்தான். ஆனால் அசலைப் போல இருக்க வேண்டும் என்றுதானே நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்தீர்கள்? உங்கள் கைத்திறமைக்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அந்தச் சாட்சியத்தின் கனத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மாணவருடைய யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. டீகாலை மாற்றி நீல நட்சத்திரம் ஒட்டிவிட்டால் விமானம் கீழே யாரும் இல்லாத விமானமாகிவிடாது. லெபனானில் இதே விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத ஊரின் அடையாளத்தை ஒட்டி நம் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்வது மாடல் செய்கிறவனுக்கு அழகில்லை. ஒரு திருகாணி இடம் மாறினால் பதறுகிற நாம், விமானம் எங்கே பறந்தது என்பதில் பொய் சொல்லலாமா? மாடலின் கீழே வைக்கிற அட்டையில் நாம் வேகத்தையும் எடையையும் எழுதுகிறோம். எந்த நாட்டில், எந்த ஆண்டுகளில், எந்த மக்களின் மேல் என்பதையும் எழுதுங்கள். இரண்டு வரி போதும். என் அலமாரியில் பத்து ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். எழுதத் தொடங்கியபின் சில கிட்களை வாங்குவதை நானே நிறுத்திக்கொண்டேன், சிலவற்றை இன்னும் கவனமாகச் செய்தேன்.

போர்க்கருவியை ரசிப்பது தவறா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் இருந்தார். 1971-இல் கிழக்கு முனையில் பிடி-76 டாங்கி ஓட்டியவர். ஆற்றை நீந்திக் கடக்கிற டாங்கி அது. நான் அதை 1/35 அளவில் செய்து, பிசினால் ஆற்று நீர் போல ஒரு தளம் அமைத்து, டாங்கி பாதி முங்கி நிற்பதாக வைத்திருந்தேன். எனக்கு அதில் மிகுந்த பெருமை. ஒருநாள் அவரை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். பிறகு சுண்டுவிரலால் டாங்கியின் முன்பக்கத்தைத் தொட்டு, "இந்தத் தட்டு மடங்கியிருக்கிறதே, தம்பி. தண்ணீரில் இறங்குமுன் இதை நிமிர்த்த வேண்டும். இல்லையென்றால் அலை மேலே ஏறிவிடும், மூக்கு குத்திவிடும்" என்றார். தட்டை நிமிர்த்தினால் ஓட்டுநருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது, அதற்காக ஒரு பெரிஸ்கோப்பை மட்டும் உயர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுவோம் என்றார். எத்தனையோ படங்களைப் பார்த்து நான் செய்தது அது. அந்தத் தட்டு மட்டும் என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அவர் அதோடு நிறுத்திக்கொண்டார், போரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் தட்டை வெட்டியெடுத்து நிமிர்த்தி ஒட்டினேன், பெரிஸ்கோப்பை உயர்த்தினேன். மறுபடி வந்து பார்த்தவர், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் இடத்தைக் காட்டி, அங்கே முழங்காலை எப்படி மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும் என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்து காட்டினார். எழுபது வயது அவருக்கு.

அன்றிலிருந்து எந்த வண்டியைச் செய்தாலும் அதற்குள் மடங்கி உட்கார்ந்த முழங்கால்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 1/35 அளவில் ஒரு மனிதன் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. 1/72 அளவில் இரண்டரைகூட வரமாட்டான். டாங்கிக்குள் அவனுக்கு ஒதுக்கிய இடம் அதைவிடக் குறைவு. இதைக் கையால் செய்து பார்த்தவனுக்குப் போர் என்பது எவ்வளவு நெருக்கடியான, புழுக்கமான வேலை என்று புரிகிறது. இரும்புக்குள் இருப்பவனையும் இரும்புக்குக் கீழே இருப்பவரையும் சேர்த்து நினைக்க முடிகிற வரை இந்தப் பொழுதுபோக்கில் நான் குற்றம் காணவில்லை. நினைக்க மறுக்கிற நாளில் நிறுத்திவிட வேண்டும். உங்கள் கடிதம் வந்திருப்பதே நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். ஆகவே கிபிரை உடைக்காதீர்கள். உடைத்தால் உங்கள் மனம் ஆறும். அந்த அக்காவுக்கு அதனால் என்ன வந்தது?

பள்ளிக் காட்சிக்குக் கிபிர் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மண்டபத்துப் பள்ளி என்றால் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களை அழைத்துவரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் வருவார்கள். அங்கே அதைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாய்ப்பு அவர்களுக்கு இருக்காது. உங்கள் மாடி வேறு, பள்ளிக்கூடத்துக் கூடம் வேறு. அட்டையில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதும் என்று அங்கே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இலங்கை விமானப் படையில் இருந்த மற்ற விமானங்களின் மாடல் இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

அந்த இடத்தில் வைக்க ஒன்று சொல்கிறேன். கலாம் நினைவிடத்திலிருந்து தொடங்கியவர்கள் நீங்கள். அவர் இளம் பொறியாளராகப் பெங்களூரில் வேலை பார்த்தபோது உருவாக்கிய முதல் ஊர்திகளில் ஒன்று 'நந்தி' என்ற ஹோவர்கிராப்ட். தண்ணீரிலும் தரையிலும் காற்று மெத்தைமேல் போகும். இன்று மண்டபத்தில் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராப்ட் மணலில் ஏறி நிற்பதைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர் அந்த வகை ஊர்தியை இந்த நாட்டில் முதலில் முயன்றவர்களில் ஒருவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுமார் 21 மீட்டர் நீளமுள்ள காவல் படை ஊர்தி 1/72 அளவில் முப்பது சென்டிமீட்டருக்குள் வரும். கிட் தேட வேண்டாம், தாள் பிளாஸ்டிக்கில் நீங்களே வெட்டலாம். கீழே உப்பி நிற்கும் பாவாடைக்கு சைக்கிள் டியூப் ரப்பர் போதும். படங்கள் பொதுவெளியில் நிறையக் கிடைக்கின்றன. கடலோரக் காவல் படை முகாமின் வேலியோரம் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்துப் பக்கமும் வேண்டாம்.

விசைப்படகுக்காரர் சொன்னது போல் படகும் செய்யுங்கள். ஆனால் கிபிருக்குப் பரிகாரமாகச் செய்யாதீர்கள், படகுக்காகச் செய்யுங்கள். வல்லம் என்கிற நம் நாட்டுப் படகுக்கு எந்த நிறுவனமும் கிட் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் நாடாவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், முன்பக்கத்து அணியம் எவ்வளவு உயர்கிறது, அடிமரமான ஏரா எவ்வளவு நீளம், விலா எலும்பு போன்ற வங்குகள் எத்தனை அங்குல இடைவெளியில் நிற்கின்றன என்று அளக்க வேண்டும். அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் அதற்குத்தான் இருக்கிறது, விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்களும் கையோய்ந்து இருப்பார்கள். வல்லம் கட்டத் தெரிந்த வயதானவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வரைபடம் அந்தப் படகுக்கு ஒரே பதிவாகக்கூட ஆகலாம். பாம்பன் புதிய பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர். 1/72 அளவில் கிட்டத்தட்டச் சரியாக ஒரு மீட்டர். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தடைக்காலத்தில் அதை முடித்துவிடலாம், அடியில் உங்கள் வல்லம் போகட்டும்.

கடைசியாக ஒன்று. "தையல் கூலியும் வாங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்ததாக எங்கும் இல்லை. கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒரு மாதமாகிவிட்டது. முகாமில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவருக்கு அந்தப் பணம் கணக்கில் இருக்கும். நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன் நீங்களே போங்கள். ஐந்து பேரும் கூட்டமாகப் போக வேண்டாம். மன்னிப்பு என்று நீளமாகப் பேசி, அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுபோகாதீர்கள். "தாமதமாகிவிட்டது அக்கா" என்று பணத்தைக் கொடுங்கள். திரை அளவு சரியாக இருந்தது என்று சொல்லுங்கள். அவராக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் வந்துவிடுங்கள்.

அன்புடன்.